கௌதம் சட்டோபாத்யாயரும் மொஹீனின் குதிரைகளும்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறித் தெற்கே செல்லும் நம்மவர் பலருக்குக் கீதாஞ்சலி என்னும் நிலையம் பழக்கமானதே. பலகையில் தாகூரின் நூற்பெயர் இருப்பினும் அப்பகுதியின் பெயர் நாக்தலா. ஆண்டு மலர் என்றால் கவியரசர் தாகூரைப் பற்றியும், விவேகானந்தரைப் பற்றியும், நேதாஜியைப் பற்றியும் கட்டுரை வரைவது நம் வழக்கம். இம்முறை அந்தப் பெரியார்களை வணங்கி ஒதுங்கி, நாக்தலாவில் வாழ்ந்து 1999-ல் மறைந்த ஓர் இசைக் கலைஞரின் வாழ்க்கையை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் கௌதம் சட்டோபாத்யாயர். வங்க இளைஞர்கள் அவரை மணிதா, அதாவது மணியண்ணன், என்று அழைத்தனர்.

அவர் தோற்றுவித்த இசைக்குழுவின் பெயர் மொஹீனேர் கோராகுலி. மொஹீனின் குதிரைகள் என்பது இதன் பொருள். வங்க மொழியில் தோன்றிய முதல் ராக் இசைக்குழு என்று இதனையே சொல்வர். வங்காளிகள் இத்தகைய குழுவை 'பாண்டு' என்கின்றனர். பாண்டு என்றதும் நமக்குக் கல்யாண ஊர்வலமும், சரிகைத் தொப்பியும், ஊதுகுழலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் இங்கே நாம் கூறுவது கிதாரும் டிரம்ஸும் கொண்டு, தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் நண்பர் கூட்டத்தையே.

கௌதம் 1940களின் இறுதியில் பிறந்தவர். வீட்டில் வாத்தியங்களுக்குக் குறைவில்லை. இசை கேட்டு வளர்ந்த பிள்ளை. பிரசிடென்சிக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்நாளில், அதாவது 1960களில், பார்க் வீதி இரவெல்லாம் விழித்திருந்தது. டிரிங்காஸ், மூலான் ரூஜ், மொகாம்போ, புளூ பாக்ஸ் முதலிய உணவு விடுதிகளில் மேலை நாட்டு இசை நாள்தோறும் முழங்கியது. வாசித்தவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர். பாடல் மொழி ஆங்கிலம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், பிற்காலத்தில் உஷா உதுப் என்று நாடறிந்தவர், 1969-ல் புடவை உடுத்தி டிரிங்காஸ் மேடையில் ஏறிப் பாடத் தொடங்கியதும் இவ்வீதியில்தான். நம் பெண்மணி ஒருவர் அங்கு நின்று பாடினார் என்பதை இம்மலரில் குறித்து வைப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அதே வீதியில் கௌதமும் வாசித்தார். ஆங்கிலோ இந்திய நண்பர்களுடன் சேர்ந்து 'தி அர்ஜ்' என்னும் குழுவை அமைத்து, கிதார் வாசித்து ஆங்கிலப் பாடல்களைப் பாடிவந்தார். சாக்ஸபோனும் அவர் கைக்கு வந்த கருவி. இத்தகைய ஆங்கிலக் குழுக்கள் பல அக்காலத்துக் கல்கத்தாவில் தோன்றின, கலைந்தன, மீண்டும் கூடின. 'கிரேட் பேர்' என்னும் குழுவில் வாசித்த டிலிப் பாலகிருஷ்ணனும் நந்தன் பாக்சியும் பின்னர் 'ஹை' என்னும் குழுவில் காணப்படுகின்றனர். பாக்சி அதன் பின்பு வேறு குழுக்களிலும் டிரம்ஸ் வாசிக்கிறார். ஒரு குழுவின் கதையைத் தொட்டால் மற்றொரு குழுவின் கதை தானே இழுபட்டு வரும்.

தமிழர்களாகிய நமக்கு இது புதுமையன்று. நம் நாடகக் கம்பெனிகளின் கதை வேறென்ன? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-ல் தமக்கெனச் சொந்தக் கம்பெனி கண்டனர். அவர்களிடம் பயின்றவர் வேறு கம்பெனிக்குச் சென்றனர். அங்கிருந்து சினிமாவுக்குப் போயினர். ஒரு கம்பெனியில் ராஜபார்ட் போட்டவர் இன்னொன்றில் வாத்தியார் ஆவார். திரை மாறும், பெட்டி மாறும், பாட்டு மாறாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி நாம் சொல்லப் போகும் கதை எளிதில் விளங்கும்.

நிற்க. 1967-ல் வட வங்கத்து நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சி, கல்கத்தாவின் கல்லூரிகளைக் குலுக்கியது. பிரசிடென்சிக் கல்லூரி மாணவர் பலர் அதில் குதித்தனர். கௌதமும் அவ்வியக்கத்தோடு சேர்ந்தார். பார்க் வீதியில் செல்வர் முன் வாசித்த கிதாரை வைத்துவிட்டு மறைந்து திரிந்தார். பிடிபட்டுச் சிறை சென்றார். அங்கே அடியும் உதையும் பட்டார். அவ்வியக்கம் கைக்கொண்ட வன்முறை வழியை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், படித்துப் பட்டம் பெற்று நல்ல உத்தியோகம் தேடவேண்டிய வயதில் ஒரு தலைமுறை ஏன் அவ்வாறு சென்றது என்பதை எண்ணாமல் கல்கத்தாவின் அந்த ஆண்டுகளை அறிந்துகொள்ள முடியாது. விடுதலையானபின் அவர் வங்கத்தில் இருக்க இயலவில்லை. மத்தியப் பிரதேசம் சென்று, மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக, கையில் பையுடன் டாக்டர்களின் வாசலில் காத்திருக்கும் வேலையைச் செய்தார்.

1970களின் நடுவில் நாக்தலாவுக்குத் திரும்பியபோது அவர் மனம் ஒன்றைத் தீர்மானித்திருந்தது. இனிப் பாடுவது வங்க மொழியில்.

இத்தீர்மானம் இன்று கேட்பவர்க்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அது விந்தையான முடிவு. கிதாரும் டிரம்ஸும் ஆங்கிலத்துக்கு உரியவை; வங்கத்துக்கு உரியவை ஹார்மோனியமும் தபலாவும் என்று ஊரே வரையறுத்திருந்தது. வீட்டில் ரவீந்திர சங்கீதமும், வானொலியில் ஹேமந்த முகர்ஜியின் குரலும், சலில் சௌதுரியின் மெட்டுகளும் கோலோச்சின. (அந்தச் சலில் சௌதுரியேதான் 1979-ல் வெளிவந்த அழியாத கோலங்கள் என்னும் தமிழ்ப் படத்துக்கும் இசையமைத்தவர்.) இளைஞனுக்குத் தன் காலத்து வாழ்க்கையைப் பாட வேண்டுமென்று தோன்றினால் பார்க் வீதிக்குப் போய் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும். வீட்டு மொழி பெரியோர்க்கும் பண்டிகைக்கும். இளமையின் மொழி வேறு. வெளியூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் எந்த மொழியில் முணுமுணுக்கின்றனர் என்பதைக் கவனிக்கும் பெற்றோர்க்கு இந்நிலை அந்நியமானதன்று. கௌதம் தம் சொந்த ஊரிலேயே இந்நிலையைக் கண்டார்.

1975-ல் குழு உருவாயிற்று. எழுவர் சேர்ந்தனர். கௌதமின் தம்பியர் இருவர்: பிரதீப் புல்லாங்குழலும் பேஸ் கிதாரும் வாசித்தார், விஸ்வநாத் டிரம்ஸ் வாசித்தார். உறவினர் ரஞ்சன் கோஷால் மேடையில் நின்று நிகழ்ச்சியை நடத்தினார். வெளியுலகத் தொடர்புகளும் அவர் பொறுப்பு. ஆபிரகாம் மஜும்தார் பியானோவும் வயலினும் ஏற்றார். தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாயர் இருவரும் பாடினர், கிதார் வாசித்தனர். குடும்பமும் நட்பும் கலந்த கூட்டம் அது. சம்பளம் பேசிச் சேர்த்த கூட்டமன்று.

பெயர் வைப்பதில் சிறிது தடுமாறினர். எழுவர் என்பதால் முதலில் சப்தரிஷி என்றனர். பிறகு வில்லாளி என்று பொருள்படும் ஒரு பெயர். ஒரு சமயம் 'கௌதம் சட்டோபாத்யாயர் பி.எஸ்ஸி. மற்றும் குழுவினர்' என்றும் வைத்துக்கொண்டனர். நம்மூர்ச் சித்த வைத்தியர் பலகையில் பட்டங்களை வரிசையாக எழுதுவதை நினைவூட்டும் இந்தக் குறும்பு, குழுவின் இயல்பை நன்கு காட்டுகிறது. இறுதியில் ரஞ்சன் கோஷால் எடுத்துக் கொடுத்த பெயரே நிலைத்தது. அது கவிஞர் ஜீவனானந்த தாஸ் எழுதிய ஒரு கவிதையிலிருந்து வந்தது. கவிதையின் தலைப்பு வங்க மொழியில் குதிரை என்று பொருள்படும் சொல். தாகூரின் கோரா என்னும் நாவலோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிலவொளியில் மேயும் குதிரைகளை அக்கவிதை காட்டுகிறது. மொஹீன் யார் என்று எவருக்கும் தெரியாது. குதிரைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஜீவனானந்தர் நம் தெருக்களுக்கு நெருங்கியவர். லான்ஸ்டவுன் சாலையில் குடியிருந்த அவர், 1954 அக்டோபரில் ஒரு மாலை தேசப்பிரிய பூங்காவின் அருகே, ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் வண்டியில் அடிபட்டு, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். லேக் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரம். உயிரோடிருந்தபோது அவரைப் படித்தவர் சிலரே. இறந்த பிறகே வங்கம் அவரைத் தாகூருக்கு அடுத்த பெருங்கவிஞராகக் கண்டுகொண்டது. அவருடைய கவிதையிலிருந்து பெயர் எடுத்த இசைக்குழுவுக்கும் ஏறக்குறைய அதே விதி வாய்த்தது.

குழுவின் இசை எத்தகையது? மேலை நாட்டுக் கிதாரின்மீது பாவுல்களின் குரலைக் கட்டியது என்று சுருங்கச் சொல்லலாம். பாவுல் என்போர் பீர்பூம், நதியா முதலிய மாவட்டங்களில் ஏக்தாராவை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் பாடகர். உடலையே கோயிலாகக் கொண்டு, சாதி மத வேலிகளை எள்ளிப் பாடுபவர். நம் சித்தர் பாடல்களையும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களையும் அறிந்தவர்க்கு அவர்கள் பாட்டு உடனே நெஞ்சில் பதியும். நாம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தி நாளில், அஜய் நதிக்கரையிலுள்ள கேந்துலியில் பாவுல்கள் கூடி இரவு பகலாகப் பாடுவர். கௌதம் இத்தகைய பாவுல்களை நாடிச் சென்று பழகினார். அவர்களும் நாக்தலா வீட்டுக்கு வந்து தங்கினர். வெறும் அலங்காரத்துக்காக நாட்டுப்புற மெட்டைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

இதற்கு மேலை நாட்டிலும் ஓர் இணை உண்டு. அமெரிக்காவில் 1960களின் பின்பகுதியில் நகரத்து ராக் இசைஞர் சிலர், தம் நாட்டுக் கிராமியப் பாட்டான கன்ட்ரி இசையின் பக்கம் திரும்பினர். 1967-ல் பாப் டிலன் அத்தகைய இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குச் சென்று 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அத்தட்டின் முகப்புப் படத்தில் டிலனோடு நிற்பவர்களுள் இருவர் வங்கத்துப் பாவுல்களான பூர்ண தாஸும் லட்சுமண தாஸும்! அமெரிக்கக் கிராமிய இசையும் வங்கக் கிராமிய இசையும் ஒரே அட்டைப் படத்தில் தோளுரசி நிற்பதை இன்றும் அத்தட்டை எடுப்பவர் காணலாம். மறு ஆண்டில் 'பேர்ட்ஸ்' என்னும் குழு, கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு முழுவதும் கிராமிய மணம் கமழும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. சில மாதங்களில் பார்சன்ஸ் விலகினார். அக்குழுவின் கிறிஸ் ஹில்மனும் விலகினார். இருவரும் 'ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' என்னும் புதுக்குழு கண்டனர். அதில் பின்னர் வந்து சேர்ந்த பெர்னி லெடன் 1971-ல் அங்கிருந்து புறப்பட்டு 'ஈகிள்ஸ்' குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். உலகப் புகழும் பெரும் பொருளும் அந்தக் கடைசிக் குழுவுக்கே சேர்ந்தன. பார்சன்ஸோ 1973-ல் இருபத்தாறு வயதில் இறந்தார். நட்ட கை ஒன்று, பறித்த கை வேறொன்று.

கல்கத்தாவிலும் நட்ட கை வறுமையிலேயே இருந்தது. 1977-ல் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கலங்கிய பறவைக் கூட்டத்தையும் கல்கத்தாவையும் பற்றியது என்று பொருள்படும் நீண்ட தலைப்பு அதற்கு. 1978-ல் இரண்டாவது, அறியப்படாத பறக்கும் பொருள் என்பது அதன் பெயர். 1979-ல் மூன்றாவது. மூன்றுமே சிறு தட்டுகள். அனைத்தையும் ஒருங்கே கேட்டாலும் ஒரு மாலைப் பொழுது தேவையில்லை. பாடுபொருள்கள் அன்றைய வங்கப் பாட்டுக்குப் புதியவை. காதலன் காதலி ஊடலும், நிலாவும், மழையும் மட்டுமே பாட்டாகும் என்றிருந்த இடத்தில், நகரத்துத் தனிமையும், படித்த இளைஞனின் மனச்சோர்வும், ஓவியர் பிக்காசோ பெயரும், மேலை இசையறிஞர் பீத்தோவன் பெயரும், நாள்தோறும் காணும் தெருவும் வந்து புகுந்தன. பொருளால் நகரப் பாட்டு. நடையால் நாட்டுப் பாட்டு.

ரவீந்திர சதன் போன்ற அரங்குகளிலும், மாக்ஸ்முல்லர் பவனிலும், 1980-ல் கல்கத்தாவில் நடந்த சர்வதேச ஜாஸ் இசை விழாவிலும் குழு பாடியது. கேட்டவர்களில் ஒரு சிறு கூட்டம் வியந்தது. பெருங்கூட்டம் முகஞ்சுளித்தது. வங்கப் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர் கூறினர். இது ராக் இசையே அன்று என்று பார்க் வீதியினர் கூறினர். இரு கரையினரும் கைவிட்ட தோணியாயிற்று. தட்டுகள் விலை போகவில்லை. வானொலியோ சினிமாவோ துணைக்கு வரவில்லை. தபேஷ் விலக, அவரிடத்தில் ராஜா பந்தோபாத்யாயர் வந்தார். வயது முப்பதை நெருங்க நெருங்க ஒவ்வொருவருக்கும் குடும்பமும் உத்தியோகமும் குறுக்கிட்டன. 1981-ல் குழு கலைந்தது.

எழுவரும் எழு திக்கிலே போயினர். விஸ்வநாத் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று அங்கும் வாத்தியத்தை விடாமல் வாசித்தார். ரஞ்சன் பெங்களூரில் குடியேறி விளம்பரத் தொழிலிலும் நாடகத்திலும் ஈடுபட்டார். பிரதீப் எஞ்சினியர். ஆபிரகாம் மேலைச் செவ்விசையை ஆழ்ந்து பயின்று, கல்கத்தாவிலேயே பல மாணவர்களுக்கு வயலின் கற்பித்து வாத்திய கோஷ்டிகளை நடத்தும் ஆசிரியரானார். கௌதம் சினிமா எடுக்கத் தொடங்கினார். அவர் இயக்கி 1983-ல் வெளிவந்த நாகமதி என்னும் வங்கப் படம் தேசியத் திரைப்பட விருது பெற்றது. செய்திப் படங்கள் சிலவும் எடுத்தார்.

அன்றியும், அஸ்ஸாமின் கார்பி மலைப் பகுதிக்கு அவர் பலமுறை சென்றார். கார்பி மக்கள் தொகையாலும் செல்வாக்காலும் சிறியோர். அவர்தம் நாட்டுக்கதை ஒன்றை அம்மக்களையே நடிக்கவும் பாடவும் வைத்து ஹாய்-மு என்னும் இசை நாடகமாக அமைத்தார். கல்கத்தாவில் பேரும் பொருளும் தேடவேண்டிய நாளில் மலையேறிப் போய், தம் மொழியல்லாத மொழியில் வேலை செய்ததற்குக் காரணம் கேட்டவர்கள் இருந்தனர். தம் மொழியில் பாட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர் பிற சிறுமொழிகளின் பிடிவாதத்தையும் மதித்தார் என்பதே நாம் கொள்ளும் விளக்கம். பெருமொழி பேசுவோரிடம் இக்குணம் அரிது. தமிழரையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி நாம் கூறப் போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

1990களில் கல்கத்தா மாறியது. கேபிள் டெலிவிஷன் வீட்டுக்கு வீடு புகுந்தது. 1992-ல் சுமன் சட்டோபாத்யாயர் என்பவர் கையில் கிதாருடன் தனியே நின்று வங்க மொழியில் பாடி இளைஞர் மனத்தைக் கொள்ளைகொண்டார். அதே ஆண்டில் காக்டஸ் என்னும் குழு தோன்றியது. கல்லூரி விடுதிகளில் பழைய மொஹீன் தட்டுகளைப் பிரதியெடுத்த ஒலிநாடாக்கள் கைமாறின. முன்பு எவரும் வாங்காத பாடல்களை, அவை வெளிவந்தபோது பள்ளிக்குக்கூடச் செல்லாத பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடினர். குழு கலைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அதன் பெயர் தானே வளர்ந்துகொண்டிருந்தது.

இந்நிலையில் ஒருவர் என்ன செய்யலாம்? பழைய நண்பர்களைத் திரட்டி, பழைய பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்து, புகழையும் பொருளையும் அறுவடை செய்யலாம். உலகில் பல குழுக்கள் அவ்வாறே செய்துள்ளன. அதைக் குற்றமென்றும் கூறமாட்டோம். அல்லது, பெயர் எனக்கே உரியது, மற்றெவரும் தொடாதீர் என்று வழக்காடலாம். பிரிந்த உறுப்பினர்கள் பெயருக்காக நீதிமன்றம் ஏறுவதும் இசையுலகில் புதிதன்று. கௌதம் இரண்டையும் செய்யவில்லை. நாக்தலாவின் கதவைத் திறந்து வைத்து இளைஞர்களை அழைத்தார். கிராஸ்விண்ட்ஸ் குழுவினர் வந்தனர். கல்கத்தாவின் பெரிய மைதானத்தைக் குறிக்கும் கடேர் மாட் என்ற பெயருடைய குழுவைச் சார்ந்தவர் வந்தனர். குழு ஏதுமில்லாத தனிப் பாடகரும் வந்தனர். அவர்கள் எழுதிய பாடல்களைக் கேட்டார், திருத்தினார், தேர்ந்தெடுத்தார், தம் பாடல்களை அவர்கள் குரலில் பாட வைத்தார்.

1995-ல், அப்போது மைதானத்தில் நடந்துகொண்டிருந்த கல்கத்தாப் புத்தகச் சந்தையில், அந்த ஒலிநாடா வெளியாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் என்று பொருள்படும் அதன் தலைப்பும் ஜீவனானந்தரை நினைவூட்டுவதே. 1975-லிருந்து எண்ணினால் கணக்கும் சரியாக வருகிறது. பாட்டு நாடாவைப் புத்தகச் சந்தையில் வெளியிட்டது வங்காளிகளுக்கே உரிய செயல். முகப்பில், மொஹீனேர் கோராகுலி பாடியது என்று போடவில்லை; மொஹீனேர் கோராகுலி 'சம்பாதித' வங்கப் பாடல்கள் என்று போட்டனர். தமிழ்க் காதுக்குச் சம்பாதித்தது என்று கேட்கும். வங்க மொழியில் அச்சொல்லுக்குப் பதிப்பித்தது, தொகுத்தமைத்தது என்று பொருள். சம்பாத்தியம் பெரிதாக இருந்ததென்று நாம் நினைக்கவில்லை.

ஓர் இசைக்குழு பதிப்பாசிரியர் ஆனது புதுமை. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரை நாம் போற்றுகிறோம். அவர் பதிப்பித்தவை முன்னோர் நூல்கள். கௌதம் பதிப்பித்தவை அவருக்குப் பின்வந்தோர் பாடல்கள். மூத்தோர் பெயரை இளையோர் சுமப்பதே உலக வழக்கம். இங்கே மூத்தவர் தம் பெயரை இளையோர்க்கு ஏணியாக்கினார். அறிமுகமில்லாத பிள்ளைகளின் பாட்டை எந்தக் கடைக்காரர் எடுத்து வைப்பார்? மொஹீன் என்ற பெயர் முகப்பில் இருந்ததால் எடுத்து வைத்தனர். 1996-லும் 1997-லும் மேலும் இரு தொகுப்புகள் இதே முறையில் வெளிவந்தன. பித்தர்களின் பாட்டு என்று பொருள்படும் தொகுப்பு அவற்றை அடுத்து வந்தது. பித்தர் எனில் தன்னை மறந்து பாடும் பாவுல்களே. வழிகாட்டிகளுக்குச் செய்த மரியாதை அது.

இத்தொகுப்புகளில் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன அல்ல. சில பாடல்களில் இளமையின் ஆரவாரம் மிகுதி. சிலவற்றில் பதிவு செய்த முறை எளிது. முதல் மூன்று தட்டுகளில் இருந்த விசித்திர அழகு பின்னையவற்றில் குறைந்துவிட்டது என்று சொல்லும் ரசிகர்களும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரு பாட்டு அனைத்தையும் மீறி எழுந்தது. உலகம் சுருங்கிச் சுருங்கி, செயற்கைக் கோளும் கேபிளும் பிடித்து வைத்த வரவேற்பறைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்பதும், தொலைவிலுள்ளோர் நெருங்கிவர ஒரே வீட்டிலுள்ளோர் தொலைவாகிவிட்டனர் என்பதும் அதன் கருத்து. கௌதம் இயற்றி மெட்டமைத்த இப்பாடல், கைத்தொலைபேசி வருமுன்னரே எழுதப்பட்டது. இன்று கேட்கும்போது, பெட்டியின் அளவை இன்னும் சிறிதாக்கிக்கொண்டால் போதும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

தொகுப்புகளின் வெற்றிக்குப் பின் கல்கத்தாவில் வங்கக் குழுக்கள் புற்றீசலெனப் புறப்பட்டன. 1998-ல் ஃபாசில்ஸ், 1999-ல் பூமி என்று வரிசை நீண்டது. சந்திரபிந்து என்னும் குழுவும் இக்காலத்திலேயே புகழடைந்தது. கல்லூரி விழா என்றால் வங்கப் பாண்டு இல்லாமல் நடவாது என்னும் நிலை வந்தது. கடுமையான இசை, நகைச்சுவை, கிராமியம் என இவை தத்தம் வழியே சென்றனவெனினும், தாய்வழி யாது என்று கேட்டால் எல்லாரும் நாக்தலாவையே சுட்டினர்.

அந்த மலர்ச்சியை முழுவதும் காணக் கௌதமுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கார்பி மொழியில் ஒரு படம் எடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 1999 ஜூன் 20-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பதளவுதான். படம் முடியவில்லை.

இறந்தபின் அவர் பாட்டு சென்ற தூரம் பெரிது. உலகம் சுருங்கியதைப் பாடிய அந்த மெட்டு, 2006-ல் வெளிவந்த கேங்ஸ்டர் என்னும் ஹிந்திப் படத்தில் வேறு சொற்களுடன், காதல் பாட்டாக ஒலித்தது. படத்துக்கு இசையமைத்த பிரீதம் கல்கத்தாக்காரர். பாடியவர் டாக்கா நகரத்து ராக் பாடகர் ஜேம்ஸ். ஜேம்ஸின் சொந்தக் குழுவின் பெயர் நகர் பாவுல். நகரத்துப் பாவுல் என்பது பொருள். இது தற்செயல் என்று தள்ளிவிடலாம். நாம் தள்ள விரும்பவில்லை. சென்னையிலும் பம்பாயிலும் நம் பிள்ளைகள் அப்பாட்டைப் பாடித் திரிந்தனர். அவர்களுள் நாக்தலாவைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

கௌதமின் மைந்தர் கௌரவ், லக்கிச்சாடா என்னும் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவராக வளர்ந்தார். பழைய எழுவருள் ஒருவரான தாபஸ் தாஸ், இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, மொஹீன் இப்போதும் நண்பர்களும் என்று பொருள்படும் பெயரில் புதுக்குழு அமைத்து, பழைய பாடல்களையும் புதியனவற்றையும் ஊர் ஊராகப் பாடினார். வெண்தாடியும் கிதாருமாக அவர் மேடையேறினால், பேரப்பிள்ளை வயதுடையோர் உடன்பாடினர். 2020-ல் ரஞ்சன் கோஷால் பெங்களூரில் மறைந்தார். தாபஸ் தாஸுக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. வைத்தியச் செலவு பெரிதென்று தெரிந்ததும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் பல குழுக்களைச் சேர்ந்த பாடகர்கள் ஒன்றுகூடி நிதி திரட்டக் கச்சேரி செய்தனர். மூக்கில் குழாயுடன் அவரும் மேடைக்கு வந்து பாடினார். 2023 ஜூன் 25-ஆம் நாள், கௌதம் மறைந்த அதே ஜூன் மாதத்தில், அவரும் காலமானார். அந்தக் கச்சேரிகளில் எல்லாரும் சேர்ந்து பாடியவை 1970களில் எவரும் வாங்காத அந்தச் சிறு தட்டுகளின் பாடல்களே.